பத்துக்கு ஐந்து என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

மச்சா,

இன்று காலை உன் ஹெட்போனைக் கழற்றியபோது என் காதைச் சுற்றி ஒரே கறுப்புத் துகள். காது மெத்தையின் மேல்தோல் உரிந்து உதிரத் தொடங்கிவிட்டது. என் மனைவி பார்த்துவிட்டு, "அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்குங்களேன், எத்தனை வருஷம் இதையே கட்டிக்கிட்டு அழுவீங்க" என்றாள். மெத்தையை மட்டும் மாற்றினால் போதும், உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று சொல்லிவிட்டு, துண்டை நனைத்துக் காதைத் துடைத்துக்கொண்டேன். புது மெத்தைக்கு ஆர்டர் போட்டாயிற்று. வியாழக்கிழமை வருமாம்.

இந்த ஹெட்போனை நீதான் எனக்குக் கொடுத்தாய் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் கொடுத்தாய் என்பது ஏழு வருஷமாக எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பிக் கொடுத்தாய். போன மாதம் அதை ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாமல், போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் கழித்து உன் மனைவியிடம் சொன்ன வீரன் நான். இனி உன்னிடமும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பழக்கமான முறையில், நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பீன்யாவில் ஒரே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தோம். நீ கியர்பாக்ஸ் அசெம்பிளியில், நான் இன்ஸ்பெக்‌ஷனில். மெட்ரோ வந்த பிறகு நீ காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் ஜோகுபாளையம் வந்து, எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அல்சூர் ஸ்டேஷனுக்கு நடப்பாய். மெஜஸ்டிக்கில் மாறி பீன்யா போய்ச் சேரும்வரை, முன்பு பஸ்ஸில் நடந்த உன் பாடம் தொடரும். மற்றவர்கள் இயர்போனை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். உனக்கு அது ஆகாது. "ஒரு காதுல கேட்டா பாதிப் பாட்டுதான் மச்சா" என்று இரண்டையும் என் காதில் சொருகிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். எதிர் சீட்டுக்காரர்கள் நம்மை என்ன நினைத்திருப்பார்களோ.

ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போடுவாய். முதலாவது சி.டி.யில் இருந்ததை அப்படியே எடுத்த வேவ் கோப்பு, அல்லது அதையே சுருக்கி வைத்த ஃப்ளாக். இரண்டாவது எம்.பி.3. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டபோது, உன் சட்டையைப் பிடித்துக் காட்டிச் சொன்னாய்: "வேவ்னா சட்டையை அப்படியே ஹேங்கர்ல மாட்டுறது. ஃப்ளாக்னா மடிச்சுப் பெட்டில வைக்கிறது. இடம் பாதிதான் பிடிக்கும், பிரிச்சா சட்டை முழுசா இருக்கும். எம்.பி.3-ன்னா, இவன் கோட்டு போட்டுக்குவான், உள்ள கை இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியப்போகுதுன்னு சட்டைக் கையையே வெட்டிட்டு வைக்கிறது." வெட்டிய கை எங்கே போகும் என்று கேட்டேன். "போனது போனதுதான், மச்சா" என்றாய். அன்றிலிருந்து நமக்குள் ஃப்ளாக்குக்கும் வேவுக்கும் 'முழுசு' என்று பெயர். எம்.பி.3-க்கு 'வெட்டினது'.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. உண்மையைச் சொல்கிறேன், ஒரு மண்ணும் புரியவில்லை. நீ கைதட்டலைக் கவனி என்பாய், டாம்பரின் சலங்கையைக் கவனி என்பாய், 'ஸ' வருகிற இடத்தைக் கவனி என்பாய். எனக்குக் கைதட்டல் கைதட்டலாகவும் சலங்கை சலங்கையாகவும் கேட்டது. "உனக்கு இருக்கறது காது இல்லடா, கண்ணாடி மாட்ற ஸ்டாண்டு" என்று நீ சிரித்தாய். மனிதக் காது அளவு எடுக்கும் கருவி அல்ல, காசைக் கொட்டி ஹெட்போன் வாங்கியவனுக்கு வித்தியாசம் கேட்டே தீரும் என்று நான் திருப்பிக் கொடுத்தேன். பல வருஷம் இது வெறும் கிண்டலாக இருந்தது.

உன் பிடிவாதத்தை நான் ஒரே ஒரு முறைதான் மரியாதையோடு பார்த்தேன். ஸ்டெல்லாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நாள் குறித்திருந்தார்கள். குரல் மாறக்கூடும், மேல் சுருதி எட்டாமல் போகலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். உங்கள் சர்ச் கொயரில் அவள்தான் முதல் குரல், நீ டெனர், ஆண்களில் மேல்குரல். ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் வீட்டு ஹாலிலேயே அவளைப் பாடவைத்துப் பதிவு செய்தாய். மின்விசிறியை நிறுத்தினாய். ஜன்னலைச் சாத்தினாய். ஃப்ரிட்ஜ் முனகுகிறது என்று அதன் பிளக்கைப் பிடுங்கினாய். கீழ்வீட்டில் போய் ஒரு மணி நேரம் மிக்ஸி போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாய். சும்மா உட்கார்ந்திருந்த என் கைக்கடிகாரத்தைக் கூடக் கழற்றிப் பக்கத்து அறையில் கொண்டுபோய் வைத்தாய், டிக் டிக் என்கிறதாம்.

வியர்த்து வழிய வழிய அவள் மூன்று பாட்டுப் பாடினாள். நாலாவது பாட்டில் நீயும் சேர்ந்துகொண்டாய். நடுவில் நீங்கள் இருவரும் சிரித்தது, அவள் தண்ணீர் கேட்டது எல்லாமே அந்தப் பதிவில் இருந்தது. நாற்பது நிமிஷம், ஏறக்குறைய எழுநூறு எம்.பி., வேவ் கோப்பு. ஃப்ரிட்ஜ் பிளக்கைத் திரும்பச் சொருக மறந்து மறுநாள் பால் எல்லாம் திரிந்துபோய், ஸ்டெல்லா உன்னைப் பிடி பிடி என்று பிடித்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. குரல் டாக்டர் சொன்னபடியே மாறிவிட்டது. பேசுவாள், ஆனால் மேலே போனால் காற்றுதான் வரும். பழைய குரல் உன் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அதை நீ பெரிதாகப் பேசவே இல்லை. எனக்குத்தான் அந்த டிஸ்கைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பயமாக இருக்கும், எங்கே கீழே விழுந்துவிடுமோ என்று.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அந்த பேரிங் ஹவுசிங் விவகாரம் வந்தது. பேரிங் உட்காருகிற இரும்புக் கூடுகள், நான் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய லாட். நீ முதல் கியர்பாக்ஸை மாட்டி ஓட்டிப் பார்த்தாய். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு, "ரெண்டாவது ஓட்டை வட்டமா இல்ல மச்சா" என்றாய். நான் சிரித்தேன். மேனேஜர் பக்கத்தில் இருந்தார், மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தால், ஓட்டையைச் சரிபார்க்க நான் வைத்திருந்த பிளக் கேஜே தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்ற வேண்டிய தேதியை நான் விட்டிருந்தேன். முழு லாட்டும் ரிஜெக்ட். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கன்னடத்தில், "நிம்ம கேஜ்கிந்த இவர கிவினே சென்னாகிதெ" என்று சொல்லிச் சிரித்தார். உங்கள் கேஜை விட இவர் காதே தேவலை என்றார். ஷாப் ஃப்ளோர் முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெட்ரோவில் திரும்பும்போது, "அவர் கிடக்கறாரு விடு" என்று தோளில் தட்டினாய். அந்தத் தட்டல் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

அடுத்த வாரம் நான்தான் பரீட்சைக்கு அழைத்தேன். உன் காதையும் நம் முறைப்படியே சோதித்துவிடலாம் என்றேன். கேஜ் நம்பகமானதா என்று பார்க்க நாம் என்ன செய்வோம்? துண்டுகளுக்கு அளப்பவன் கண்ணில் படாதபடி எண் போட்டு, கலைத்துப் போட்டு, ஒன்றையே திரும்பத் திரும்ப அளக்கச் சொல்வோம். தெரியாமலே ஒரே விடை சொன்னால்தான் கருவி நல்லது. அப்படியே பாட்டுக்கும் செய்வோம் என்றேன். நீ குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாய். "வா மச்சா, சண்டே சர்ச் முடிச்சுட்டு வந்துடுறேன், பிரியாணி சாப்பிட்டுட்டே பார்த்துடலாம்" என்றாய். என் மனதில் இருந்தது வேறு. நீ தோற்கப்போகிறாய், திங்கட்கிழமை ஷாப் ஃப்ளோரில் நான் அதைச் சொல்லப்போகிறேன். அவ்வளவுதான் என் அறிவியல் ஆர்வம்.

ஒழுங்காகத்தான் ஏற்பாடு செய்தேன். உங்கள் கொயர் கிறிஸ்துமஸ் பதிவிலிருந்து கைதட்டலும் டாம்பரினும் வருகிற இருபது நொடித் துண்டை எடுத்தேன். அதையே 128 என்ற குறைந்த தரத்தில் எம்.பி.3 ஆக்கி, மறுபடி வேவாக மாற்றி வைத்தேன். கோப்பின் அளவைப் பார்த்து நீ கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? சத்தமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் எல்லோருக்கும் நல்லதாகத் தோன்றும். உன் வீட்டு ஹாலில் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். பத்து முறை. ஒவ்வொரு முறையும் நீ "முழுசு" அல்லது "வெட்டினது" என்று சொல்ல வேண்டும்.

முதல் மூன்றையும் சட்டென்று சொன்னாய். மூன்றும் சரி. நாலாவதில் தயங்கித் தப்பாகச் சொன்னாய். அதன் பிறகு தப்பே இல்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று ஒவ்வொன்றாக டிக் போடப் போட எனக்குக் காது சூடாகிக்கொண்டே வந்தது. எட்டாவதில் பாட்டு தொடங்கி மூன்று நொடிகூட ஆகவில்லை, "வெட்டினது, கையடி ஈரமா இருக்கு" என்றாய். பத்தும் முடிந்தது. பத்துக்கு ஒன்பது.

ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு திரும்பினாய். "எவ்ளோ மச்சா?"

"அஞ்சு," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் அடுத்ததை யோசித்துத்தான் சொன்னேன்: "பூவா தலையா போட்டாலும் அஞ்சு வரும்."

நீ என் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்திருக்கலாம். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். ஸ்டெல்லா கூட அடுப்படியிலிருந்து, "அந்தப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்க, அண்ணா ஏமாத்துவாரு" என்று விளையாட்டாகக் குரல் கொடுத்தாள். நீ, "இவன் ரிப்போர்ட்டை என்னிக்கு நான் திருப்பிப் பார்த்தேன்? இவன் எழுதினா எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாய். நான் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிரியாணி சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்து பால்கனியில் போய் நின்றோம். நீ, "எங்கப்பாவுக்கு அம்பத்தி அஞ்சுலயே காது போச்சு, தெரியுமா?" என்றாய். எனக்குத் தெரியாது. இருபது வருஷப் பழக்கத்தில் நீ சொன்னதே இல்லை. "எனக்கும் வரும்னு எதிர்பார்த்துட்டே இருந்தேன். போன வருஷத்துல இருந்தே ஒரு டவுட்டு. இன்னைக்கு கிளியர் ஆயிடுச்சு." அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சும்மா வம்புக்குச் சொன்னேன்டா என்று முதுகில் ஒன்று வைத்திருந்தால் இரண்டு கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும். "வயசானா எல்லாருக்கும்தான்" என்றேன். நீ உள்ளே போய் ஹெட்போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாய். "என் காதுக்கு இது வேஸ்ட். உனக்காவது பழகட்டும்."

திங்கட்கிழமை நான் ஷாப் ஃப்ளோரில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜெயித்தவன் மாதிரி நடந்துகொள்ளக்கூட எனக்குத் துப்பு இல்லை.

பத்து நாள் கழித்து மெட்ரோவில் நீயாகவே சொன்னாய், டிஸ்கைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று. எல்லாப் பாட்டையும் எம்.பி.3 ஆக்கி, பெரிய கோப்புகளை அழித்துவிட்டாயாம். கல்யாண வீடியோ எடுத்து வைக்க மகளுக்கு இடம் வேண்டியிருக்கிறதாம். "ஸ்டெல்லா பாடினதையுமா?" என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான். கேக்காத காதுக்கு எதுக்குடா அவ்ளோ இடம்? ரூல்னா எல்லாத்துக்கும் ஒரே ரூல்" என்றாய். வேறு யாராக இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் விட்டு வைத்திருப்பான். ரிப்போர்ட் வந்தால் அதன்படி நடப்பவன் நீ. அழித்த கோப்பின் மேல் வேறு எதுவும் எழுதாத வரை அதைத் திரும்ப எடுக்க வழி உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் நான் வாயைத் திறந்திருந்தால் எடுத்திருக்கலாம். திறந்தால் ஒன்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை உன் மகள் வந்து டிஸ்கை வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகுதான் நான் கேட்கக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே இருபது நொடித் துண்டை முழுசும் வெட்டினதுமாக மாற்றி மாற்றிப் போடுவேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மூன்று மாதம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் கைதட்டலில் அது கேட்டது. முழுசில் ஒவ்வொரு கையும் தனித்தனியாக இருந்தது. வெட்டினதில் கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சளசளத்தன. ஈரம் என்று நீ சொன்னது அதைத்தான். ஒரு முறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரரை உட்காரவைத்து என்னையும் அதே முறையில் சோதித்துப் பார்த்தேன். பத்துக்கு எட்டு. அன்றைக்கே உனக்கு போன் போட்டேன். மழையைப் பற்றிப் பேசினேன், பானஸ்வாடி பக்கம் தண்ணீர் தேங்கியதைப் பற்றிப் பேசினேன், வைத்துவிட்டேன்.

நீ அதன் பிறகு பாட்டைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. மெட்ரோவில் பேப்பர் படித்தாய். இருவரும் ரிட்டயர் ஆனோம். நீ கொயரிலிருந்து விலகிவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது ஏன் என்று கேட்டேன். முட்டி வலி, கொயர் நிற்கும் கேலரிக்குப் படி ஏற முடியவில்லை என்றாய். நம்பினேன். எனக்கும் முட்டி வலிதான். போன வருஷம் ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது உனக்கு நெஞ்சை அடைத்தது. நானும் என் மனைவியும் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் கால்மாட்டில் நின்றபோதும் எனக்குப் பத்துக்கு ஒன்பது என்ற அந்த எண்தான் ஞாபகம் வந்தது. அழுகையை விட அது முதலில் வந்தது.

போன மாதம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். வருஷ நினைவு ஆராதனையில் அந்த நாலாவது பாட்டைப் போட வேண்டும் என்று உன் மகள் ஆசைப்படுகிறாளாம், நீங்கள் இருவரும் சேர்ந்து பாடியதை. வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். போனேன். அதே ஹால். உன் மகள் பூனாவிலிருந்து எம்.பி.3-ஐ ஃப்ளாக்காக மாற்றி அனுப்பியிருந்தாள்.

"நாப்பது எம்.பி. கூட இல்லாம இருந்தது அண்ணா, இப்ப எரநூறு ஆயிடுச்சாம். பழையபடி முழுசு ஆயிடுச்சுன்னு சொல்றா," என்றாள் ஸ்டெல்லா. "ஆனா எனக்கு அப்படித் தெரியல. நான் 'ஸ்தோத்திரம்'னு பாடுற இடம் வருதுல்ல, அது ஏதோ பிளாஸ்டிக் கவர் கசங்குற மாதிரி இருக்கு. நான் அப்படியா பாடினேன்?"

போட்டுக் கேட்டேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது. கை வெட்டிய சட்டையை எவ்வளவு பெரிய பெட்டியில் வைத்தாலும் கை வராது. அதை அவளுக்குச் சொன்னேன். நீ அப்படிப் பாடவில்லை அம்மா, நன்றாகப் பாடினாய், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன் என்றும் சொன்னேன்.

"அப்ப அந்தப் பெரிய ஃபைலை ஏன் அழிச்சாரு? அவ்ளோ பாடுபட்டு எடுத்தாரே. ஃப்ரிட்ஜைக் கூட ஆஃப் பண்ணி..."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தேய்ந்த கேஜ், மேனேஜர் சிரித்தது, பத்து முறை, ஒன்பது டிக், என் வாயிலிருந்து வந்த ஐந்து. ஸ்டெல்லா, உன் பழைய குரல் போனதற்கு நான்தான் காரணம், எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட முகம் இல்லை என்றேன். அவள் டேபிள் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"என் குரலை விடுங்க அண்ணா," என்றாள். "அது எப்படியும் போகவேண்டிய குரல். எனக்கு வேற கேக்கணும். அவர் காது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. என்னோடதை விட, யாரோடதை விடவும்."

"அவர் ஏன் கொயரை விட்டாருன்னு தெரியுமா?"

"முட்டி வலின்னு..."

"முட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட அப்படிச் சொல்லியிருப்பாரு. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த வாரம் கொயர் மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்தாரு. எனக்குக் காது போயிடுச்சு, சுதி சேருதா விலகுதான்னு இனிமே எனக்கே தெரியாது, மத்தவங்க பாட்டைக் கெடுக்கக் கூடாதுன்னு. அவங்க எவ்வளவோ கெஞ்சினாங்க. ஆறு கிறிஸ்துமஸ் அண்ணா. கடைசி பெஞ்சுல உட்கார்ந்து புஸ்தகத்தைத் திறந்து வெச்சுட்டு வாயை மூடிட்டு இருந்தாரு. சபையே பாடும். அவர் பாட மாட்டாரு. வீட்ல குளிக்கும்போது கூடப் பாடல."

முழுசையும் வெட்டினதையும் பிரித்துச் சொல்வதற்கும் சுருதி பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை, மச்சா. நீ நிஜமாகவே பத்துக்கு ஐந்து வாங்கியிருந்தாலும் பாடியிருக்கலாம். இதை உனக்கு யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். ஒரு கோப்பைக் கெடுத்துவிட்டதாக ஏழு வருஷம் புழுங்கிக்கொண்டிருந்தேன். நான் கெடுத்தது எதை என்று எனக்குத் தெரியவே இல்லை.

ஸ்டெல்லா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "இதை என்கிட்ட சொல்லி என்ன அண்ணா பண்றது? அவர்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன். போன வாரம் கூப்பிட்டபோதும் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். முன்பு போலச் சிரித்துப் பேசவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

ஆராதனை முந்தாநாள் நடந்தது. எம்.பி.3-ஐயே போட்டார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லாவின் குரல் தொடங்கியதும் அந்தக் கசங்கல் எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். வேறு யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் உன் குரல் வந்து அவள் குரலுக்குக் கீழே சேர்ந்தது. உன் குரலில் வெட்டு அவ்வளவாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கொயர் மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, "சுதியைப் பாருங்க சார், இம்மி விலகல. இந்த மனுஷன் போய்க் காது போச்சுன்னு உட்கார்ந்துட்டாரு" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்ல வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்வேன்.

எனக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது. மெட்ரோவில் யாராவது போனில் உரக்கப் பாட்டு வைத்தால், ஆட்டோவில் ஏறினால், கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தால் எதை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. நீ பத்து வருஷம் மல்லுக்கட்டியும் வராதது வந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டும் என்று கை போனைத் தேடுகிறது. பிறகு ஞாபகம் வருகிறது, இதைச் சொல்ல முடியாமல் செய்துகொண்டவன் நான்தான் என்று. நீ செத்துப்போனதால் மட்டும் அல்ல.

ஸ்டெல்லா சொன்னபடி உன்னிடமே சொல்கிறேன். அன்றைக்கு நீ பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாய். உன் அப்பாவுக்கு வந்தது உனக்கு வரவில்லை. உன் காதில் ஒரு குறையும் இல்லை, கடைசி வரை இல்லை. ஐந்து என்றது நான் வயிற்றெரிச்சலில் சொன்ன பொய்.

நீ பாடியிருக்கலாம், மச்சா.